சரிபார்த்தவர் கையொப்பம்

முதல் நாளே என்னைப் பெற்றோர் பகுதியில் உட்கார வைத்தார்கள். மண்டப வாசலில் மஞ்சள் டீசட்டை போட்டு நின்ற சீனியர் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆன்டி, பேரண்ட்ஸ் எல்லாம் அந்த சைட்," என்று கை காட்டினாள். கைப்பையில் இருந்து மாணவர் அட்டையைத் தேடி எடுப்பதற்குள் அவள் அடுத்த குடும்பத்தைக் கவனிக்கப் போய்விட்டாள். சரி என்று போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி அம்மாள், "உங்க பிள்ளை என்ன கோர்ஸ்?" என்று கேட்டார். "நான்தான் பிள்ளை," என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துணைவேந்தர் பேசி முடித்ததும் பெற்றோரைப் பக்கத்து அறைக்குத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார்கள். நானும் கூட்டத்தோடு தள்ளப்பட்டுப் போனேன். கையில் ஒரு கறிபாப் பலகாரத்தைத் திணித்தார்கள். அதைத் தின்றேன். காலை ஐந்தரைக்கே கிள்ளானில் ரயில் ஏறியவளுக்குப் பசிக்காதா? நான் பெற்றவள் இல்லை, படிக்க வந்தவள் என்று ஒரு ஊழியரை நம்ப வைப்பதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. திரும்ப மண்டபத்துக்குள் போனபோது பிள்ளைகள் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அங்கே என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பலூன் ஊதுகிற இடத்தில் பெரிதாக என்ன சொல்லியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். பெட்டி அடுக்குகிறவளாகச் சேர்ந்து, தரச் சோதனைப் பிரிவில் லைன் லீடர் ஆனேன். என் கீழே முப்பது பேர் இருந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே கையுறை கேட்டது, நாங்கள் நாய் மாதிரி உழைத்தோம். பிறகு உலகத்துக்குக் கையுறை போதும் என்றாகிவிட்டது. நான்கு லைன்களை மூடினார்கள், அதில் ஒன்று என்னுடையது. வேலை தேடிச் சுங்கை பூலோ வரை போனேன். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான், டிகிரி இருக்கிறதா. நான் வேலை பழக்கி விட்ட பிள்ளைகள் டிகிரியோடு எக்ஸிகியூட்டிவ் ஆகி, இப்போது எனக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்கள்.

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பள்ளித் தேர்வு முடிவு சரியில்லாதவர்களையும் வேலை அனுபவத்தை வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிய வந்தது. பரீட்சை எழுதினேன். பதினெட்டு வருடத்துச் சான்றிதழ்களை ஒரு தடித்த ஃபைலில் கோத்துக் கொடுத்தேன். என்னை நேர்காணல் செய்தவர் அந்த ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து மெச்சினார். அந்த அனுபவத்துக்காகத்தான் உள்ளே விட்டார்கள். உள்ளே போனதும் அதைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பியாவது கேட்டிருப்பேன்.

வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுவேன். கிள்ளானில் இருந்து பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரலுக்கு ஒரு ரயில், அங்கே இறங்கி செர்டாங்குக்கு இன்னொரு ரயில், அப்புறம் பஸ். இத்தனையும் தாண்டி நான் ஏழரைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஹாஸ்டலில் இருந்து நடந்து வருகிறவர்கள் எட்டே காலுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு வருவார்கள். வகுப்புக்குள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டவனை இரண்டாம் வாரமே அதட்டினேன். "இது கேன்டீனா?" என்று கேட்டேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். அன்று மாலைக்குள் வகுப்பு வாட்ஸப் குழுவில் என்னை வைத்து ஸ்டிக்கர் வந்துவிட்டது. என் முகத்தை யார் எப்போது படம் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கீழே 'டிசிப்ளின் மிஸ்ட்ரஸ்' என்று எழுதியிருந்தது. குழு வேலைக்கு ஆள் சேரும்போது என்னைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருக்கும். எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். குறைந்துதான் போனது. முப்பது பேர் என் வார்த்தைக்கு நின்றவள் நான்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ஒரே ஒரு பிள்ளை. ஜெஞ்சாரோமில் இருந்து வந்தவள், பத்தொன்பது வயது. அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறார். வீட்டில் இவள்தான் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் பார்த்தவள். ஓர் அறக்கட்டளை கொடுத்த உதவித்தொகையில் படித்தாள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, ஒழுங்கு நடவடிக்கை ஒன்று பதிவாகிவிட்டால் உதவி நின்றுவிடும். இதை அவளே மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள். யார் கூப்பிட்டாலும் திடுக்கிட்டுத் திரும்புகிற பிள்ளை. அவளையும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இவள் என் ஆள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். தினமும் இரண்டு டப்பா சாப்பாடு கட்டினேன். அவள் குறிப்பேட்டைத் திருத்தினேன். கூந்தலை விரித்துப் போட்டு வந்தால் கட்டச் சொன்னேன். கட்டினாள். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவாள். ஊரில் எல்லாரும் என்னை வெறுத்தாலும் ஒருத்திக்காவது நான் வேண்டும் என்ற நினைப்பு எனக்குத் தெம்பாக இருந்தது.

ஆறாம் வாரம் முதல் கட்டுரை கொடுத்தார்கள். ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை எப்படி நடக்கிறது என்று விளக்கி எழுத வேண்டும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். இதை என்னிடமா கேட்கிறார்கள்?

எங்கள் தொழிற்சாலையில் எழுதுவது என்றால் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் அச்சடித்த செய்முறை ஒன்று உண்டு. லைனுக்கு வரும் ஒவ்வொருவரும் அதைத் தன் கையால் ஓர் எழுத்து மாறாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். தாளின் அடியில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று எழுதியவர் கையொப்பம், இன்னொன்று சரிபார்த்தவர் கையொப்பம். எழுதியவர் வாசிக்க, இன்னொருவர் மூலத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வருவார். ஒரு சொல் பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஒரு நேபாளிப் பையன் 'ஆறு நிமிடம் அலச வேண்டும்' என்று இருந்ததைத் தன் சௌகரியத்துக்கு 'நன்றாக அலச வேண்டும்' என்று எழுதிவிட்டான், சரிபார்த்தவனும் கவனிக்காமல் விட்டுவிட்டான். அவனிடம் வேலை கற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய சரக்கு முழுவதும் கிடங்கில் நின்றது. அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது நான்தான். சொந்தமாகச் சொல் சேர்ப்பது எங்கள் இடத்தில் ஆளைக் கொல்லுகிற தப்பு. பதினெட்டு வருடம் அப்படித்தான் என்னைப் பழக்கினார்கள், நானும் மற்றவர்களைப் பழக்கினேன்.

அதனால் விரிவுரையாளர் படிக்கச் சொன்ன ஆங்கிலப் புத்தகத்தில் தரச் சோதனை பற்றிய ஏழு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்தேன். இரண்டு விரலால் ஒன்பது நாள் தட்டச்சு செய்தேன். அதில் ஓர் இடத்தில், பெட்டியின் மேலடுக்கில் இருந்து மாதிரி எடுத்தால் போதும் என்று எழுதியிருந்தது. சுத்தப் பைத்தியக்காரத்தனம். அடியில் நசுங்கிக் கிடப்பது மேலே எப்படித் தெரியும்? லைனில் சேர்ந்து ஒரு வாரம் ஆனவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள். முணுமுணுத்துக்கொண்டே அதையும் அப்படியே அடித்தேன். ஆவணத்தில் தப்பு இருந்தால் அதற்கு ஒரு படிவம் நிரப்பி மேலே அனுப்ப வேண்டுமே தவிர, நாமாகக் கை வைக்கக்கூடாது.

கடைசிப் பக்கத்தின் அடியில் புத்தகத்தின் பெயர், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்ற விவரம், அதன் கீழ் இரண்டு கட்டம். ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டேன். இன்னொன்றுக்கு ஜெஞ்சாரோம் பிள்ளையைக் கூப்பிட்டேன். நூலகத்தின் மூலையில் உட்கார்ந்து நான் வாசித்தேன், அவள் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு காற்புள்ளியும், விட்டுப்போன ஒரு சின்னச் சொல்லும், ஓர் எழுத்துப் பிழையும் கண்டுபிடித்தாள். "நல்ல செக்கர் ஆவே நீ," என்று முதுகில் தட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். கடைசித் தாளை ஸ்கேன் செய்து சேர்த்து அனுப்பினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த நிம்மதி இருந்தது.

பத்து நாள் கழித்து விரிவுரையாளர் அறைக்கு வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. டாக்டர் பட்டம் வாங்கி வந்த புதிது. மேசையில் என் கட்டுரை கிடந்தது. ஒரு மென்பொருள் அதை வாங்கிப் பார்த்து, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை சிவப்புச் சாயம் பூசி அனுப்பியிருந்தது. எங்கள் உரையாடல் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

"இது முழுக்கப் புத்தகத்தில் இருந்து எடுத்தது," என்றார்.

"ஆமாம்," என்றேன்.

"ஒத்துக்கொள்கிறீர்களா?"

"இதில் ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது? கீழே எழுதியிருக்கிறேனே."

அவர் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்து, "இது யார்?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமை. ஒரு சொல் பிசகாமல் பார்த்துக் கொடுத்தவள் என்று அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னேன். அவருக்குச் சரியாக விளங்கவில்லை. எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் திருட்டு என்ற சொல்லைச் சுற்றி வளைத்து எடுத்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எந்தத் திருடன் போகும்போது பெயரும் முகவரியும் எழுதி வைத்துவிட்டுப் போவான் என்று கேட்டேன். அவர் பொறுமையாக, முதல் நாள் அறிமுக நிகழ்ச்சியிலேயே இதைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினார்களே என்றார். அந்த ஒரு மணி நேரம் நான் பெற்றோரோடு நின்று கறிபாப் தின்றுகொண்டிருந்தேன். "உங்களுக்குப் பதினெட்டு வருட அனுபவம் இருக்கிறது, அதை எழுதுவீர்கள் என்று ஆவலாக இருந்தேன்," என்று சொன்னார். அந்த ஆவலை ஆறு வாரத்தில் ஒரு தடவை என்னிடம் வந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். முன்வரிசையில்தானே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது, ஒழுங்குக் குழு முன்னால் வந்து நிற்கச் சொல்லி. எனக்கு வந்தது நகல் எடுத்ததற்கு. அவளுக்கு வந்தது தெரிந்தே உடந்தையாக இருந்ததற்கு. பஸ் நிறுத்தத்தில் அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, ஸ்காலர்ஷிப் போயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது. நான் பேசிக்கிறேன்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துருவார்க்கா."

"அதான் நான் பேசிக்கிறேன்னு சொல்றேன்ல. சாப்பிடு."

டப்பாவை அவள் திறக்கவே இல்லை. அன்று எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, சமைத்ததை இப்படி வீணாக்குகிறாளே என்று. மனுஷி புத்தி அப்படித்தான் போகிறது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா? நின்னுடு, வேற ஃபேக்டரி பார்ப்போம்," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விசாரணைக்கு முன்னால் மாணவர் நலப் பிரிவு அதிகாரி என்னைத் தனியாக வரச் சொன்னார். நம்ம ஆள்தான், தமிழர். முப்பத்தைந்து வயது இருக்கும். கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார்.

"அக்கா, நேரா சொல்லிடுறேன். நீங்க தெரியாமத்தான் செஞ்சீங்க, எனக்கு விளங்குது. அங்க போய் ஆர்க்யூ பண்ணாதீங்க. ஃபேக்டரியில இருந்து வந்தேன், வயசாயிடுச்சு, இங்கிலீஷ் சரியா வராது, ரூல்ஸ் தெரியலன்னு சொல்லிக் கொஞ்சம் அழுதுடுங்க. கமிட்டியில எல்லாரும் நல்லவங்கதான் லா. வார்னிங் குடுத்து விட்டுருவாங்க."

"எனக்கு இங்கிலீஷ் வரும் சார்."

"வரும்க்கா. அன்னைக்கு மட்டும் வராதுன்னு வெச்சுக்குங்க."

அவரை அறைந்தால் அதற்கும் ஒரு குழு கூட்டுவார்கள் என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன். "அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அவங்க தனியா ஸ்டேட்மென்ட் எழுதிக் குடுப்பாங்க. நீங்க உங்களைப் பாருங்க."

நான் அழுவதாக இல்லை. தொழிற்சாலைப் படிவம் நான்கைந்தைத் தேடி எடுத்து ஒரு ஃபைலில் வைத்தேன். இதோ பாருங்கள், எங்கள் முறை இது, எனக்கு வேறு முறை இருப்பது தெரியாது, இந்தப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். தெரியாது என்பது உண்மைதானே. அதற்கு எதற்கு அழ வேண்டும்? ரயிலில் போகும்போதும் வரும்போதும் மனத்துக்குள் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அறைக்குள் ஏசி குளிர் எலும்பு வரை போனது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலை நரைத்த பேராசிரியர் ஒருவர். நான் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இது அந்த மாணவி எழுதிக் கொடுத்தது. உங்களைப் பற்றி இருப்பதால் நீங்கள் முதலில் வாசிப்பதுதான் நியாயம்," என்றார்.

ஒரே பக்கம்தான். மலாய் மொழியில் அவளுடைய குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தாள். அக்கா எனக்குத் தினமும் சாப்பாடு கொண்டு வருவார் என்றுதான் ஆரம்பித்திருந்தாள். அதன் பிறகு அவள் எழுதியது இது. அன்று நூலகத்தில் வாசிக்கத் தொடங்குவதற்கு முன், புத்தகத்தை இப்படி அப்படியே எழுதக்கூடாது என்று முதல் நாள் சொன்னார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அதற்கு அக்கா, 'உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா, சொன்னதைச் செய்' என்றார். முடிந்ததும் கையெழுத்துப் போடச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்தது. அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார். எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

நூலகத்தில் நடந்ததை நான் முன்னால் எழுதியபோது இந்தப் பகுதியைச் சொல்லவில்லை. மறந்துபோனது என்று சொல்லலாம் என்று பார்த்தேன். மறக்கவில்லை. அவள் சொன்னாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள். நேற்று முளைத்தது எனக்குப் பாடம் எடுக்கிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவள் சொன்னதைக் காதில் வாங்கி, அது என்ன என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்கூடப் போதும். கட்டத்தைக் காட்டி, "இங்க போடு," என்றேன். அதைத்தான் இத்தனை நாளாக என்னிடமே மறைத்து வைத்துக்கொண்டு, தெரியாது, தெரியாது என்று ரயிலில் பேசிப் பழகியிருக்கிறேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"நீங்கள் விதி தெரியாமல் செய்ததாக எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த மாணவி சொல்வது உண்மையானால், அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. உண்மை இல்லையானால், அவர் தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இப்போது பழியை உங்கள் மேல் போடுகிறார். எது?"

நலப் பிரிவு அதிகாரி மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம் போதும். அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நாற்பத்தொரு வயதுக்காரி, பதினெட்டு வருடம் கறை படாத வேலைப் பதிவு உள்ளவள் சொல்வதை நம்புவார்களா, பயந்து நடுங்குகிற ஒரு சின்னப் பெண் சொல்வதை நம்புவார்களா? எனக்கு எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். அவள் ஜெஞ்சாரோமுக்குப் பெட்டியைக் கட்டியிருப்பாள்.

அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் இரக்கம் ஒன்றும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என் சோற்றைத் தின்றுவிட்டு என்னைப் பற்றி இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாளே என்ற ஆத்திரம். வாயைத் திறந்தபோது என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது.

"அவள் சொன்னாள்," என்றேன். "நான் கேட்கவில்லை. கையெழுத்தும் நான் போட வைத்ததுதான்."

"கட்டாயப்படுத்தினீர்களா?"

"நான் சொன்னால் செய்வார்கள் சார். அப்படித்தான் எனக்குப் பழக்கம்."

ஃபைலை நான் திறக்கவே இல்லை.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. அவள் மேல் நடவடிக்கை இல்லை, உதவித்தொகைக்குப் பாதகம் இல்லை. எனக்கு அந்தப் பாடத்தில் பூஜ்யம், அடுத்த ஆண்டுப் புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும், படிப்பு முடியும் வரை என் பதிவில் இந்தக் குற்றம் இருக்கும். இதைத் தாண்டி எந்தத் தொழிற்சாலை என்னைத் தரச் சோதனைக்கு எடுக்கும் என்று தெரியவில்லை. கடிதத்தை என் கையில் கொடுத்த அதிகாரி, "பெரிய மனசுக்கா உங்களுக்கு. அந்தப் பிள்ளையைக் காப்பாத்திட்டீங்க," என்றார். அந்தப் பாராட்டு எனக்கு எரிந்தது. நான் தள்ளிவிட்ட கிணற்றில் இருந்துதானே அவளைத் தூக்கினேன். இதில் மனசு என்ன வேண்டிக் கிடக்கிறது?

விசாரணை அன்று அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் எழுந்து, "அக்கா" என்றாள். நான் நிற்காமல் போய்விட்டேன். அப்புறம் ஒரு நீளமான மெசேஜ் அனுப்பினாள், மன்னிப்பும் நன்றியும் கலந்து. நான் பதில் போடவில்லை. மறுநாளில் இருந்து ஒரு டப்பா மட்டும் கட்டினேன். அவள் கொஞ்ச நாள் இரண்டாம் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு பின்னால் இருக்கிற கூட்டத்தில் இரண்டு பெண்கள் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அவள் சத்தமாகச் சிரிப்பது முன்வரிசை வரை கேட்கிறது. என்னோடு இருந்தபோது அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் இதைப் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். கோபம் இருக்கிறது. அந்தத் தாளில் அவள் என்னைப் பற்றி ஒரு பொய்யாவது எழுதியிருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு நான் மனதார அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன், அதோடு ஆறியிருக்கும். அன்றைக்கு இரண்டு முறை வாசித்தேன், ஒரு பொய்கூட இல்லை. பயமாக இருந்தது என்று எழுதியிருந்தாள். பதினெட்டு வருடம் என் லைனில் எத்தனை பேர் அடிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்கள் எல்லாரும் என்னை மதித்தார்கள் என்றுதான் அந்தக் காலை வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். பழைய ஆட்கள் சிலரின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. மதித்தீர்களா, பயந்தீர்களா என்று கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒருமுறை எடுத்தேன். கேட்பது நானாக இருந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.